முத்தியால்பேட்டையின் பழைய தெருக்களைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது. சென்னை ஜார்ஜ் டவுனில், முத்தியால்பேட்டையில் தாத்தா காலத்து வீடு ஒன்று. இப்போது அண்ணன், தம்பி, அக்கா என்று நான்கு பங்கு. அதே தெருவில் சில பழைய வீடுகளை இடித்து அடுக்குக் கடைகளாகக் கட்டிவிட்டார்கள். மிச்சமிருக்கிற வீடுகளோடு சேர்த்துத் தெருவையே பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அறிவிச்சிட்டா ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கணும், விற்கவும் முடியாது" என்கிறார் அப்பா. இரண்டு பேரில் யார் சொல்வது சரி, இந்தத் தெருவைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவில் எஞ்சினியர். வடசென்னையில் பழைய கட்டிடங்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்பாவின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் வேறொரு சட்டத்தைப் பற்றிய பயம். முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். 2010ல் அதைத் திருத்தினார்கள். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 100 மீட்டருக்குள் பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். நம் பக்கத்தில் இதற்குச் சரியான உதாரணம் பழைய ஜெயில் ரோட்டு மாடிப்பூங்கா. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் எஞ்சியிருக்கிற துண்டு அது. அதன் அருகே வீடு வைத்திருப்பவர்கள் சொன்னதைத்தான் உங்கள் அப்பா கேட்டிருக்க வேண்டும்.

ஒரு குடியிருப்புப் பகுதியை அதன் தன்மைக்காகப் பாதுகாப்பது வேறு ஏற்பாடு. இங்கிலாந்தில் 1967ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். தனிக் கட்டிடங்களைப் பட்டியலிடுவது போதாது, ஒரு தெருவோ சந்தையோ மொத்தமாக ஒரு குணத்தோடு இருக்கிறது என்றால் அந்தக் குணத்தைக் காக்க வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. இன்று அங்கே ஆயிரக்கணக்கான பகுதிகள் இப்படி இருக்கின்றன. மக்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள், வாடகைக்கு விடுகிறார்கள். சமையலறையை மாற்ற யாரும் தடுப்பதில்லை. கட்டிடத்தை இடிக்க அனுமதி வேண்டும். மரத்தை வெட்டுவதென்றால் ஆறு வாரம் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். சில பகுதிகளில் உள்ளாட்சி விரும்பினால் தெருப் பக்கத்துக் கதவு, ஜன்னலை மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வைக்கலாம். அதாவது கட்டுப்பாடு பெரும்பாலும் வெளித்தோற்றத்தின் மேல்தான். விற்கும் உரிமை உரிமையாளரிடமே இருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலையை முதலில் ஒழுங்காகச் செய்தது மும்பை. 1995ல் அங்கே பாரம்பரியக் கட்டிட விதிகள் வந்தன. கட்டிடங்களை மூன்று தரமாகப் பிரித்து எதில் எவ்வளவு மாற்றலாம் என்று வகுத்தார்கள், பகுதிகளையும் சேர்த்தார்கள். நம் ஊரில் எல்லாமே நீதிமன்றம் வழியாக, மெதுவாக வந்தது. அண்ணா சாலையில் இருக்கிற பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை இடிக்கப் போன வழக்கில் 2010ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் அதே தீர்ப்பு வழி செய்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் குழு வந்தது. அதற்கு முன்பே நீதிபதி பத்மநாபன் குழு நகரம் முழுக்க 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியல் போட்டிருந்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே சட்டமன்றத்தில் நிறைவேறியும் 2024ல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பவளக்காரத் தெரு, தம்புச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு பக்கம் போய்வந்தவர்களுக்கு எவ்வளவு போய்விட்டது என்று தெரியும்.

சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பெரிய பெயர்கள். 1892ன் உயர் நீதிமன்றம், 1844ல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கத் தூண், 1856ல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையம், 1772ன் ஆர்மீனியன் தேவாலயம், பச்சையப்பன் மண்டபம். பெரிய பெயர் என்பதால் மட்டும் கட்டிடம் தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ராஜாஜி சாலையில் இருந்த பெண்டிங்க் கட்டிடத்தை இடித்துத்தான் இன்றைய சிங்காரவேலர் மாளிகை வந்தது. அன்னி பெசன்ட் காலத்துக் கோகலே மண்டபத்தை இடிக்க ஆரம்பித்த பிறகு நீதிமன்றம் போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பெயருள்ளவற்றுக்கே இந்த நிலை. பதினைந்து அடி முகப்பும் நூறு அடி ஆழமுமாக, யார் கட்டியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத உங்கள் வீட்டைப் போன்றவை எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் அந்த வீடுகளின் வரிசைதான் முத்தியால்பேட்டை.

ஏன் தெருவாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அழகு, பழமை எல்லாம் தாண்டி எஞ்சினியராக எனக்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்த வீடுகள் தனித்தனியாக நிற்பவை இல்லை. பக்கத்தில் இடம் விடாமல் சுவரோடு சுவராகக் கட்டியவை. சி.எம்.டி.ஏ. விதிகளிலேயே இதற்குத் தொடர் கட்டிடப் பகுதி என்று தனி வகை இருக்கிறது. பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். உங்கள் வீட்டு உத்தரக் கட்டைகள் இந்தப் பக்கம் நுழைந்திருக்கும், பக்கத்து வீட்டுக் கட்டைகள் அந்தப் பக்கம் நுழைந்திருக்கும். இரண்டு பக்கத்துச் சுமையும் தள்ளுவதால்தான் சுவர் நேராக நிற்கிறது. ஒரு பக்கத்தை இடித்துவிட்டால் நூறு ஆண்டுகளாகக் காற்றும் மழையும் படாத சுவர் முகம் திடீரென்று வெளியே வரும். பூச்சு இருக்காது. கட்டை இருந்த இடமெல்லாம் ஓட்டை. அப்புறம் பைல் என்கிற ஆழமான அஸ்திவாரத் தூண் போட, கீழ்த்தளம் எடுக்க என்று பக்கத்தில் பள்ளம் தோண்டுவார்கள். பழைய வீட்டின் அஸ்திவாரம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. முதல் வடகிழக்குப் பருவமழையில் மண் இளகிச் சுவர் சாயும்.

ஒரு தெருவில் ஒரு வீட்டை இடித்த கொஞ்ச நாளில் அடுத்த வீட்டுக்காரரும் "சுவர் விரிசல் விட்டுடுச்சு, இனிமே தாங்காது" என்று இடிப்பது இதனால்தான். அவர் விரும்பி இடிக்கவில்லை. அதனால் பக்கத்து வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே நீங்கள் செய்ய வேண்டியவை சில. உங்கள் பக்கத்துச் சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏற்கனவே இருக்கிற விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், பிறகு நீண்டால் தெரியும். முட்டுக் கொடுக்காமல் இடிக்கக் கூடாது, சுவரோரம் பள்ளத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டுபவருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பாரம்பரியப் பகுதி அறிவிப்பு வருகிற வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஒரு கடிதத்தாலேயே தப்பித்த சுவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊர் இப்படி நெருக்கமாக அமைந்ததற்கு ஒரு கதை உண்டு. கோட்டைக்கு வடக்கே முதலில் இருந்த கறுப்பர் பட்டணம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கிற இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு, கோட்டையிலிருந்து பீரங்கி சுட மறைப்பு இருக்கக் கூடாது என்று அதை அழித்து வெட்டவெளியாக்கினார்கள். அந்த வெளியில் யாரும் கட்டக் கூடாது என்று 1773ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. மக்கள் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். இரண்டு பேட்டைக்கும் நடுவே தண்ணீர் ஓடிய பள்ளத்தை 1780களில் ஸ்டீபன் பொப்பம் என்கிற வழக்கறிஞர் நிரப்பித்தான் பிராட்வே வந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் பிராட்வே பக்கம் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தால் பழைய பள்ளம் நினைவுக்கு வரும். 1911ல் இந்தப் பகுதிக்கு ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். மதிலுக்குள் அடங்கிய ஊர் என்பதால் நிலம் குறைவு, முகப்புக் குறுகல், ஆழம் அதிகம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் முற்றம், தெருவோடு பேசத் திண்ணை. பவளம், துணி, தங்கம், மருந்துச் சரக்கு என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில்.

அந்த ஏற்பாடு இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை என்பதுதான் இந்தப் பகுதியின் பெருமை. ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்தும் கந்தகோட்டம் முருகன் கோயிலும், கோடவுன் தெருவில் ஜவுளி, பத்ரியன் தெருவில் பூ. 1996ல் கொத்தவால்சாவடிக் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது ஒரு தெருவின் குணம் எப்படி ஒரே மூச்சில் மாறும் என்று பார்த்தோம். கட்டிடம் அப்படியே இருந்தாலும் தொழில் போனால் தெரு வேறாகிவிடும். ஆகவே, காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் மூட்டை தூக்குகிறவர்களையும் வாடகைக் கடைக்காரர்களையும் சேர்த்தே எழுதுங்கள். முகப்பை வெள்ளையடித்து, உள்ளே காபிக் கடை வைத்து, அந்த மனிதர்களை வெளியேற்றிவிட்டால் அது எனக்குப் பாதுகாப்பாகத் தெரியவில்லை.

சரி, இடிப்பதற்கு வீட்டுக்காரர்களைத் தள்ளுவது எது? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2019 கட்டிட விதிகளில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்கிற கணக்கு, 1.5லிருந்து 2 ஆனது. அதே 2019 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், மண்ணடி சுரங்க மெட்ரோ நிலையங்கள் திறந்தன, நில மதிப்பு ஏறியது. நான்கு பங்காளிக்கு ஒரு வீட்டைப் பிரிக்க முடியாது, பணத்தைப் பிரிக்கலாம். இவை எல்லாம் உண்மை. ஆனால் நான் பேசுகிற வீட்டுக்காரர்கள் அதிகம் சொல்வது இன்னொன்று: "கூரை ஒழுகுது சார், யாரைக் கூப்பிட்டாலும் இடிச்சிட்டுக் கான்கிரீட் போடச் சொல்றாங்க."

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் வீட்டுக் கூரை அநேகமாக மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளைக் கிட்டக் கிட்ட வைத்து, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கூரை கெட்டுவிட்டது என்று சொல்கிற பெரும்பாலான இடங்களில் கெட்டிருப்பது இரண்டே சங்கதி. ஒன்று, மேல் தட்டோட்டின் இணைப்புகள் திறந்துபோய்த் தண்ணீர் இறங்குவது. இரண்டு, கட்டைகளின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தங்கி மக்கியோ கரையான் அரித்தோ போவது. கட்டையின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். ஒரு கூர்மையான ஆணியையோ ஸ்க்ரூ டிரைவரையோ எடுத்துச் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் அந்தக் கட்டை மட்டும் போச்சு. அந்தக் கட்டையை மாற்றலாம், அல்லது சுவரோரம் ஒரு இரும்பு உத்தரத்தைக் கீழே கொடுத்துத் தாங்கலாம். மொத்தக் கூரையையும் இறக்க வேண்டியதில்லை.

சுவரிலும் இதே கதைதான். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறும், கடல் காற்றில் உப்பு வேறு சேரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து வந்தவரை பிரச்சினை இல்லை. எப்போதோ ஒருவர் வந்து, பூச்சு உதிர்கிறதே என்று முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருப்பார். ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்கு மேலே இடுப்பு உயரத்தில் போய் உப்பாகப் பூக்கும். அங்கேயும் சிமெண்ட் பூசினால் இன்னும் மேலே ஏறும். கடைசியில் சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் இருக்கிற செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதைப் பார்க்கிறவர் "செங்கல்லே பொடியாயிடுச்சு, பில்டிங் முடிஞ்சுது" என்பார். செங்கல்லைப் பொடியாக்கியது பழுது பார்த்த சிமெண்ட். அந்தச் சிமெண்டைக் கவனமாக எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடைக்காலம் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே திரும்பப் பூசினால் பெரும்பாலான சுவர்கள் பிழைத்துக்கொள்ளும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீர்கள், அதுவும் ஈரத்தை அடைக்கும்.

இன்னொரு காரணத்தை யாரும் பாரம்பரியம் என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை: ரோடு. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போட்டு, வடசென்னைத் தெருக்கள் ஏறிக்கொண்டே போகின்றன. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். திண்ணை தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் வாசலில் நுழைகிறது, சுவரின் அடி எப்போதும் ஈரமாக இருக்கிறது, மேலே சொன்ன உப்பு, மக்கல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தெருவின் முகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பழைய ரோட்டை மில்லிங் செய்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்பதுதான். இதற்குப் பாரம்பரியச் சட்டமே தேவையில்லை. வார்டு கவுன்சிலரிடம், பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கலாம். தெருவில் இருக்கிற எல்லோருக்கும் லாபம் என்பதால், பாரம்பரியம் என்றாலே முகம் சுளிப்பவரும் கையெழுத்துப் போடுவார். உங்கள் தெருச் சங்கத்தின் முதல் மனு இதுவாக இருக்கட்டும்.

பாதுகாப்பு என்று பேசும்போது ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் வேலை நடந்துகொண்டிருந்த பழைய நான்கு மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து விழுந்தது. வருஷக்கணக்கில் பராமரிக்காமல் விட்ட கட்டிடத்தில், எது எதைத் தாங்குகிறது என்று பார்க்காமல் சுவரை உடைத்தால் உயிர் போகும். முக்கியமாக மாடியை கோடவுனாக விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். குடித்தனத்துக்காகப் போட்ட கட்டைகளின் மேல் பேப்பர் பண்டல்களைக் கூரை உயரத்துக்கு அடுக்குவதைப் பல வீடுகளில் காண்கிறேன். வாடகை நன்றாக வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கனமான சரக்கு தரைத்தளத்தில் இருக்கட்டும். எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கூரை விழுந்து, சுவருக்குள் அரச மரம் வேரோடி, பல மழைக்காலம் திறந்து கிடந்த வீடுகளைப் பத்திரமாக இறக்கிவிடுவதுதான் நல்லது.

அப்படி இறக்கிய இடத்தில் என்ன வரலாம் என்பதுதான் பகுதிப் பாதுகாப்பின் மையமான கேள்வி. புதுக் கட்டிடமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பழையது மாதிரி போலித் தூண் ஒட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. என் பார்வையில் மூன்று விஷயம் காப்பாற்றப்பட்டால் தெரு பிழைக்கும். முதலாவது முகப்புக் கோடு. எல்லா வீடும் ஒரே வரிசையில் தெருவை ஒட்டி நிற்கும்போது ஒன்று மட்டும் பின்வாங்கி முன்னால் பைக் நிறுத்த இடம் விட்டால் வரிசை பல் விழுந்த வாய்போல ஆகிவிடும். இடம் விடச் சொல்கிற பொது விதியை இந்தத் தெருக்களில் தளர்த்த வேண்டும். இரண்டாவது மனை அகலம். மூன்று நான்கு மனைகளைச் சேர்த்து ஒரே கட்டிடமாக்குவதுதான் தெருவின் அளவையே கெடுப்பது. சட்டப்படி சேர்த்தாலும் முகப்பையாவது பழைய மனை அகலத்துக்கு ஏற்பப் பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவது தெருவோர உயரம். முன்பக்கம் பக்கத்து வீடுகளின் உயரத்துக்கு நிறுத்தி, மேல் மாடிகளைப் பின்னால் தள்ளிக் கட்டலாம். மனைகள் ஆழமாக இருப்பதால் இதற்கு இடம் இருக்கிறது. இவை மூன்றும் எழுத்தில் வந்துவிட்டால், வீட்டுக்குள் லிஃப்ட் போடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

பணம்? கட்டுப்பாடு மட்டும் வைத்துவிட்டுப் பழுதுச் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டினால், அவர் கூரையைத் திறந்துபோட்டு மழைக்கே இடிக்கும் வேலையைக் கொடுத்துவிடுவார். இது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. புதுச்சேரி வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். தமிழர் பகுதியில், திண்ணையும் தெருத் தாழ்வாரமுமாக இருந்த அந்த வீதியில் ஒரு நீளத்துக்கு வீடுகளின் முகப்பைச் சேர்த்துச் சீரமைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் இன்டாக் என்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் உழைப்பும் சேர்ந்த வேலை. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. தனியார் வீடுகள்தான், வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு செய்ததால் நடந்தது. அதே புதுச்சேரியில், பராமரிப்பு தள்ளிப்போன மேரி கட்டிடம் (பழைய நகராட்சி அலுவலகம்) 2014ல் மழையில் இடிந்து விழுந்து, பிறகு புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. அகமதாபாத் இன்னொரு வழி பிடித்தது. பழைய நகரத்தில் பட்டியலிட்ட வீட்டை வைத்திருப்பவர், தான் கட்டாமல் விட்ட பரப்பை உரிமையாக இன்னொரு இடத்துக்கு விற்கலாம், அந்தப் பணத்தில் வீட்டைச் சீர் செய்யலாம். 2017ல் அந்த நகரம் உலகப் பாரம்பரிய நகரமானது. இந்த வளர்ச்சி உரிமை மாற்றம் நம் ஊரிலும் இருக்கிறது, பெரும்பாலும் ரோட்டுக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பயன்படுகிறது. அதை ஜார்ஜ் டவுனின் சிறு வீட்டுக்காரர் வரை கொண்டுவர வேண்டும் என்பது நம் கோரிக்கையில் இருக்க வேண்டும். உங்கள் நான்கு பங்காளிகளுக்கும் அதுதான் பேசத் தகுந்த வழி.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. தெருவை ஒரு நோட்டில் பதிவு செய்யுங்கள். பழைய கதவு எண், புது எண், முகப்பு அகலம், எத்தனை மாடி, கூரை ஓடா டெரஸா கான்கிரீட்டா, திண்ணை இருக்கிறதா மூடியிருக்கிறதா, கீழே என்ன தொழில், யார் எத்தனை காலமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டையும் நேர் எதிரே நின்று ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள், வரிசையாக ஒட்டினால் தெருவின் முழு முகமும் ஒரே பார்வையில் வரும். அதிகாரிகள் முன்னால் இந்த ஒரு படம் செய்கிற வேலையைப் பத்துப் பக்க மனு செய்யாது. படம் எடுப்பதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அறிவிப்பைப் பற்றி மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்துகொண்டால் அவர் அன்றைக்கே இடிக்க ஆளைப் பிடிப்பார். பல வீடுகள் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும், அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

நோட்டும் படமும் தயாரானதும் சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கும் பாரம்பரிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். தெரு முழுவதையும் கேளுங்கள், ஒன்றிரண்டு அழகான வீட்டை மட்டும் கேட்காதீர்கள். மேலே சொன்ன முகப்புக் கோடு, மனை அகலம், உயரம் மூன்றையும் வரைபடத்தோடு வையுங்கள். காலமும் சரியான காலம். 2008ல் வந்த, சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026 வரைக்கானது, அடுத்த திட்டம் தயாராகிற நேரம் இது. திட்டத்துக்குள் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு இடிப்புக்கும் நீதிமன்றம் ஓட வேண்டியதில்லை. பவளக்காரத் தெருவும் தம்புச் செட்டித் தெருவும் மட்டும் போதாது. ராயபுரம் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள், ஏழுகிணறு, திருவொற்றியூர்ப் பக்கம் ஆளுநர் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவான காலடிப்பேட்டை, இங்கெல்லாம் இருப்பவர்களும் இதே வேலையைத் தொடங்கினால் மனுவுக்கு எடை கூடும்.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பகுதி அறிவிப்பு வந்தாலும் வீடு உங்களுடையதுதான், விற்கலாம், பாகம் பிரிக்கலாம். பில்டரோடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, பழைய கட்டிட வேலை தெரிந்த ஒரு எஞ்சினியரையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் கூட்டிப்போய்க் கூரைக் கட்டைகளைப் பாருங்கள். எத்தனை கட்டை கெட்டிருக்கிறது, மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை நான்கு பங்காளிகளும் பார்த்த பிறகு பேச்சை ஆரம்பியுங்கள். அக்டோபர் மழைக்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.